என்கிளெக்ஸ் எழுதிய பிள்ளையும் முடிவுக்குக் காத்திருக்கும் வீடும்



நர்சிங் முடித்து இங்கேயோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர் அமெரிக்கா செல்ல நினைக்கிறார்கள். அங்கே நர்ஸாக வேலை செய்ய உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கான தேர்வுதான் என்கிளெக்ஸ். இதைச் சென்னையில் உள்ள மையத்திலேயே எழுதலாம்.

தேர்வு எழுதிவிட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் தொடங்கிவிடும். "எத்தனை கேள்வி வந்தது?" என்பார் வாப்பா. "எவ்வளவு மார்க் வரும்?" என்பார் மாமி. பாதி கேள்விக்கு விடை சரியாகத் தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால், உம்மாவுக்கு அன்றிரவு தூக்கம் வராது. இந்தத் தேர்வு நாம் எழுதிய பள்ளி, கல்லூரிப் பரீட்சை போல நடப்பதில்லை. அது நடக்கும் விதம் தெரிந்தால் வீட்டில் பாதிக் கலக்கம் குறையும்.

கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும் முறை

1994 முதல் இந்தத் தேர்வு கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. ஒரு கேள்விக்கு விடை சொன்னதும், எழுதுபவரின் திறன் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் மறுபடி மதிப்பிடும். சரியாகச் சொல்லி வந்தால் அடுத்தடுத்த கேள்விகள் கடினமாகும், தவறினால் எளிதாகும். கேள்வியைத் தாண்டிப் போகவோ, முந்தைய கேள்விக்குத் திரும்பி வரவோ முடியாது.

அவர் சரியாகச் சொல்வதற்கும் தவறுவதற்கும் ஏறக்குறைய சம வாய்ப்புள்ள கேள்வியையே கம்ப்யூட்டர் தேடி எடுக்கிறது. ஆகவே நன்றாகப் படித்த பிள்ளைக்கும் கேள்விகள் கடினமாகத்தான் வரும். பாதி தவறாகிவிட்டது போலத்தான் தோன்றும். அழுதுகொண்டே வெளியே வந்தவர் தேறியிருக்கலாம், சிரித்துக்கொண்டு வந்தவர் தவறியிருக்கலாம். முகத்தைப் பார்த்து நாம் எந்த முடிவுக்கும் வர முடியாது.

85 கேள்வியா, 150 கேள்வியா?

2023 ஏப்ரல் முதல் உள்ள முறைப்படி குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150 கேள்விகள். மொத்த நேரம் 5 மணி. இதில் 15 கேள்விகள் பிற்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. அவை எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது.

ஒரு மூட்டை 25 கிலோவுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ மூட்டையானால் தராசில் வைத்தவுடன் தெரிந்துவிடும். 10 கிலோவானாலும் அப்படியே. 25க்குப் பக்கத்தில் இருந்தால்தான் கடைக்காரர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். என்கிளெக்ஸ் கணக்கும் இதுதான். எழுதுபவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறார், அல்லது கீழே இருக்கிறார் என்று 95 சதவீத உறுதி கிடைத்ததும் தேர்வு நின்றுவிடும். 85இல் நின்றால் தெளிவாகத் தேறியிருக்கலாம், தெளிவாகத் தவறியும் இருக்கலாம். 150 வரை போனால் கோட்டின் அருகே இருக்கிறார் என்று மட்டும் பொருள். அப்படிப் போனவர்களிலும் தேறியவர்கள் உண்டு.

எனவே "எத்தனை கேள்வி?" என்று கேட்டு நாம் தெரிந்துகொள்ளப் போவது எதுவும் இல்லை. "எவ்வளவு மார்க்?" என்பதற்கும் பதில் கிடையாது. தேறியவருக்கு மதிப்பெண் தருவதில்லை, தேர்ச்சி என்று மட்டுமே அறிவிப்பார்கள்.

முடிவு எப்போது, எங்கிருந்து வரும்?

விடைகள் இரண்டு முறை சரிபார்க்கப்படுகின்றன. தேர்வு மையத்தில் ஒரு முறை, தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இன்னொரு முறை. தேர்வு மையத்தில் உள்ளவர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் முடிவு சொல்வதில்லை.

பல அமெரிக்க மாநிலங்களுக்கு, 2 வேலை நாட்களுக்குப் பிறகு சிறு கட்டணம் செலுத்தி இணையத்தில் முன்முடிவு பார்க்கும் வசதி இருக்கிறது. சனி, ஞாயிறு வேலை நாட்களாகக் கணக்கில் வராது. இந்த வசதியில் சேராத மாநிலங்களும் உண்டு. முன்முடிவை வைத்து வேலை செய்ய முடியாது. அதிகாரபூர்வ முடிவை விண்ணப்பித்த மாநிலத்தின் நர்சிங் வாரியமே அனுப்பும். அதற்கு 6 வாரம் வரை ஆகலாம். தேறிய பிறகும், அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவருக்குச் சில மாநிலங்கள் உரிம எண் வழங்குவதில்லை. எண் வரவில்லை என்பதால் தோல்வி என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த நாட்களில் தவிர்க்க வேண்டியவை

ஒன்று, குறுக்கு வழியில் முடிவு தேடுவது. தேர்வுக்கு மறுபடி பதிவு செய்வது போலச் செய்து பார்த்தால், வரும் செய்தியை வைத்து முடிவு தெரிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது நம்பத்தக்கதல்ல. பணம் கட்டும் இடம் வரை போவதால் 200 டாலர் தேர்வுக் கட்டணம் அட்டையிலிருந்து போய்விடவும் கூடும்.

இரண்டு, கேள்விகளை வெளியே சொல்வது. அடுத்து எழுதப் போகும் சாச்சி மகள் "என்ன கேட்டார்கள்? வாட்ஸ்அப்பில் போடு" என்று அன்பாகத்தான் கேட்பாள். ஆனால் கேள்விகளை யாரிடமும் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பிள்ளை தேர்வு எழுதியிருக்கிறது. அதை மீறினால் தேர்வு முடிவே ரத்தாகலாம், சட்ட நடவடிக்கையும் வரலாம். கொடுத்த வாக்கைக் காக்க வீட்டார்தான் துணை நிற்க வேண்டும்.

மூன்று, முடிவு வரும் முன்பே பணத்தை இறக்குவது. முடிவை மாற்றித் தருகிறேன், சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நகையை அடகு வைப்பது, இருக்கிற வேலையை விடுவது, அமெரிக்கா போகிற பிள்ளை என்று சொல்லிச் சம்பந்தம் பேசுவது எதுவும் இப்போது வேண்டாம்.

முடிவு வந்த பிறகு

தேறிவிட்டால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என்கிளெக்ஸ் தேர்ச்சி விசா ஆகிவிடாது. படிப்புச் சான்றுகளைச் சரிபார்க்கும் விசா ஸ்கிரீன் சான்றிதழ், பெரும்பாலோருக்கு ஆங்கிலத் தேர்வு எல்லாம் பாக்கி இருக்கும். இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் குடியேற்ற விசா வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதுவரை கையில் உள்ள வேலையும் அனுபவமும்தான் பிள்ளைக்குப் பலம்.

தவறிவிட்டால் ஓர் அறிக்கை வரும். எந்தெந்தப் பாடப் பகுதியில் தேர்ச்சி அளவுக்கு மேலே, அருகே, கீழே என்று அதில் இருக்கும். கீழே என்று உள்ள பகுதியிலிருந்து படிப்பைத் தொடங்கலாம். குறைந்தது 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம், கட்டணம் மீண்டும் கட்ட வேண்டும். தவறினாலும் அந்தப் பிள்ளை இங்கே பதிவு பெற்ற நர்ஸ்தான். நாளைக் காலை வார்டில் நோயாளிகள் அவளை எதிர்பார்த்திருப்பார்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. கேள்வி எண்ணிக்கையை வைத்து முடிவைச் சொல்ல முடியாதது ஏன்?
2. உறவினர் கேட்டால் வீட்டார் எல்லோரும் சொல்ல வேண்டிய ஒரே பதில் என்ன? ("முடிவு வந்ததும் அவளே சொல்வாள், துஆ செய்யுங்கள்" என்பது போதும்.)
3. தவறினால் அடுத்த 45 நாளில் பிள்ளையின் வீட்டு வேலைகளில் எவற்றை யார் எடுத்துக்கொள்வது?

மூன்றாவது கேள்வியை முடிவு வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். எந்த முடிவு வந்தாலும் வீடு தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளை இன்ஷா அல்லாஹ் நிம்மதியாகத் தூங்கும்.