அவரவர்க்கு ஏற்ற வழி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே உள்ள மலையூர் சித்திரபுரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கு உழைப்போருள் பலர், முற்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்காக 1991ஆம் ஆண்டு மூணாற்றில் ‘சிருஷ்டி’ நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் ‘டேர்’ பள்ளியில் அவரவர் திறனுக்கேற்பக் கல்வி கற்பிக்கப்படுகிறது. வளர்ந்தோர் ‘ஆரண்யா’ பிரிவில் இலை, பட்டை முதலியவற்றின் சாயத்தால் துணிக்கு வண்ணமேற்றுகின்றனர். ‘அதுல்யா’ பிரிவில் கையால் காகிதம் செய்கின்றனர்.

பொதுப்பள்ளிகளும் இப்பிள்ளைகளைப் பிறரோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பார்வை குறைந்தவர்க்கு முன்வரிசை இடமும், மெல்ல எழுதுபவர்க்குக் கூடுதல் நேரமும் இரக்கத்தால் தருவன அல்ல, அவை உரிமைகள்.

மாணவர்களே! வேற்றுமொழி ஒலிக்கும் வகுப்பில் முதல்நாள் நீங்களும் தயங்கி அமர்ந்திருப்பீர்கள். அன்று பொறுமையுடன் சொல்லித் தந்தவரை மறவாதீர்கள். அப்பொறுமையை இன்று அருகிலிருப்பவர்க்கு நீங்கள் அளியுங்கள்.

சொற்பொருள்: வழித்தோன்றல் – மரபில் வந்தவர்.

வினாக்கள்
1. ‘சிருஷ்டி’ யாருக்காகத் தொடங்கப்பெற்றது?
2. கூடுதல் நேரம் தருவது ஏன் உரிமையாகும்?
3. புதிய வகுப்பில் உனக்கு உதவியவரைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.