ஐந்து அணுக்கள் எப்படி அமரும்?

கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். ஆறேழு புளியங்கொட்டைகளும் வேண்டும். இவற்றைக் கொண்டு பிளாட்டினப் படிகத்தின் மேற்பரப்பில் நடப்பதை ஓரளவு ஆராய்ந்து விடலாம்.

பிளாட்டினப் படிகத்தைக் குறிப்பிட்ட ஒரு திசையில் வெட்டினால், அம்முகப்பில் அணுக்கள் சதுர ஒழுங்கில் அமைந்திருக்கும். நம் தாளில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் அணு எனக் கொள்வோம். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம் 2.77 ஆங்ஸ்ட்ராம். (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம்.) வெளியிலிருந்து இப்பரப்பின்மேல் வந்து விழும் அணு, நான்கு அணுக்களுக்கு நடுவேயுள்ள குழியில், அதாவது கட்டத்தினுள், அமரும். அதுதான் நம் புளியங்கொட்டை.

பக்கம் ஒட்டிய இரு கட்டங்களில் கொட்டைகள் இருந்தால் அவற்றுக்கிடையே ஒரு பிணைப்பு உண்டு. மூலைக்கு மூலை தொட்டால் கணக்கில்லை. பிணைப்புகள் கூடக்கூட ஆற்றல் குறையும், அமைப்பு உறுதிப்படும். நீர்த்துளி பரந்து கிடக்காமல் உருண்டையாகத் திரள்வதும் இத்தகைய காரணத்தால்தான்.

இனி எண்ணிப் பாருங்கள். மூன்று கொட்டைகளை நேர்வரிசையில் வைத்தாலும், ஒன்றை மடக்கி வைத்தாலும் பிணைப்புகள் இரண்டே. நான்கை வரிசையாக வைத்தால் மூன்று; சதுரமாக வைத்தால் நான்கு. ஐந்தை வரிசையாக வைத்தால் நான்கு. சதுரமும் அதையொட்டி ஒன்றுமாக வைத்தால் ஐந்து. ஆறு வரிசையில் ஐந்து. இரண்டுக்கு மூன்று என்ற செவ்வகத்தில் ஏழு. ஆகவே நான்கு முதற்கொண்டு வரிசை தோற்க வேண்டும், திட்டு வெல்ல வேண்டும். என் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மாணவர்கள் தயங்காமல் இவ்விடையையே கூறுவார்கள். முதன்முதலில் இதைப் பற்றிப் படித்தபோது நானும் இப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் நடப்பதென்ன? கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது. அணுவைப் பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். எர்வின் முல்லர் என்ற ஜெர்மானிய இயற்பியலறிஞர் 1951இல் புல அயனி நுண்ணோக்கியை உருவாக்கினார். பின்னர் அவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1955இல், அவரும் கன்வர் பகதூர் என்ற இந்திய மாணவரும் டங்ஸ்டன் ஊசியின் நுனியில் தனித்தனி அணுக்களைக் கண்டனர்.

இக்கருவியில் கண்ணாடி வில்லைகளே கிடையாது. உலோகக் கம்பி ஒன்றை மிகக் கூர்மையான ஊசியாக்கி, வெற்றிடக் கலத்தில் வைத்து, திரவ நைட்ரஜனின் வெப்பநிலைக்கோ அதற்கும் கீழேயோ குளிர்விப்பார்கள். கலத்தில் சிறிதளவு ஹீலியம் அல்லது நியான் வாயுவைச் செலுத்தி, ஊசிக்குச் சில ஆயிரம் வோல்ட் நேர் மின்னழுத்தம் தருவார்கள். நுனி மிகக் கூரியதாகையால் அங்கே மின்புலம் கடுமையாகிவிடும். துருத்தி நிற்கும் அணுவுக்கு மேலே வரும் வாயு அணு தன் எலக்ட்ரானை இழந்து அயனியாகி, நேராகத் திரையை நோக்கிப் பறக்கும். ஊசிமுனையின் ஓர் அணு திரையில் ஓர் ஒளிப்புள்ளி! உருப்பெருக்கமோ பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

பக்கத்தில் ஒரு பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கினால் அதிலிருந்து சில அணுக்கள் ஆவியாகி ஊசிமுனையில் படியும். படம் எடுப்பார்கள். மின்னழுத்தத்தை நிறுத்திவிட்டு ஊசியைச் சிறிது நேரம் சற்றே சூடாக்குவார்கள். அப்போதுதான் அணுக்கள் நகரும். மறுபடி குளிர்வித்து மீண்டும் படம். இப்படியே பொறுமையாகத் தொடர்ந்தால், அணுக்கள் எந்த அமைப்பில் நிலைக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் கெல்லாக், ஷ்வோபல் முதலியோர் 1980களின் இறுதியில் பிளாட்டினத்தின் சதுர முகப்பில் இதைச் செய்தனர். மூன்று அணுக்கள் நேர்வரிசையில் நின்றன. நான்கு சதுரமாயின. ஐந்து? மறுபடியும் வரிசை! ஆறாவது சேர்ந்ததும் திட்டு.

நம் கணக்கு ஐந்தில் பொய்த்துவிட்டது. ஐந்து அணுத் திட்டில் ஓர் அணு ஒற்றைப் பிணைப்புடன் துருத்திக் கொண்டிருப்பதே காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வரிசையின் இரு முனைகளிலும் அத்தகைய அணுக்கள் உள்ளனவே! எனவே அது விடையாகாது.

கொட்டைகளை மட்டும் எண்ணிய நாம் தாளை மறந்துவிட்டோம். ஐந்து கொட்டை வரிசை தொடும் மூலைப் புள்ளிகளை எண்ணுங்கள்: 12. திட்டு தொடுவதோ 11. ஆக, பக்கத்து அணுவிடம் ஒரு பிணைப்பை இழக்கும் வரிசை, கீழ்த்தளத்தில் ஓர் அணுவைக் கூடுதலாகத் தொடுகிறது. நான்கிலும் இதே வேறுபாடுதான் (10, 9) என்பதையும் கவனியுங்கள். அப்படியானால் எண்ணிக்கை மட்டும் போதாது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் பொதுச் சொத்து. ஓர் அணுவுக்கு அண்டை அணுக்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு பிணைப்பின் வலிமையும் சிறிது குறையும். எல்லாப் பிணைப்புக்கும் ஒரே மதிப்பெண் போட்டதுதான் நம் தவறு. போதாததற்கு, மேலே அணுக்கள் அமரும்போது கீழேயுள்ளவையும் சிறிது இடம்பெயர்ந்து கொடுக்கின்றன. வரிசைக்கும் திட்டுக்கும் இடையேயுள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியதாகையால் இவையெல்லாம் தீர்ப்பை மாற்றிவிடும். பென்சில் கணக்கு இங்கே நின்றுவிடுகிறது, கணிப்பொறி வேண்டும்.

உலோக ஏடு ஒன்று படிந்து வளரும்போது அதன் முதல் வித்து இத்தகைய சின்னஞ்சிறு திரள்தான். அது நீளுமா, பரவுமா என்பதைப் பொறுத்தே ஏட்டின் வளர்ச்சி அமையும்.

முகப்பு மாறினால் கதையும் மாறும். இதே படிகத்தை வேறு திசையில் வெட்டினால் அணுக்கள் முக்கோண ஒழுங்கில் இருக்கும். இரிடியம் உலோகத்தின் அத்தகைய முகப்பில் ஏழு அணுக்கள், நடுவே ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக, அறுகோணமாய் உறுதியாக அமர்வதை இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஏர்லிக் குழுவினர் கண்டனர். ஒரே அளவுள்ள ஏழு நாணயங்களை அவ்வாறு அடுக்கித் தொடுமிடங்களை எண்ணிப் பாருங்கள், 12 இருக்கும். எட்டாவது நாணயத்தை எங்கே வைத்தாலும் இரண்டுக்கு மேல் கூடுகிறதா?