கற்றதைக் கொண்டு தன்னை அளந்தவள்: திருக்கோளூர்ப் பெண்பிள்ளை காட்டும் கல்வி

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திவ்யப்ரபந்தத்தைச் சந்தை சொல்லிக் கற்பவர்களுக்கு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஓர் ஐயம் எழும். பாசுரம் மனப்பாடமாகிவிட்டது, வ்யாக்யானமும் ஓரளவு கேட்டாயிற்று. ஆயினும் கோபம் குறையவில்லை, ஆசை அடங்கவில்லை, கைங்கர்யத்தில் ருசி வளரவில்லை. அப்படியானால் இந்தக் கல்வியால் பெற்ற பயன் என்ன? ஒழுக்கத்தில் ஏறாத கல்வி வீண்தானோ?

இவ்வையத்திற்கு விடை தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. விடை தந்தவர் பெரிய வித்வான் அல்லர். இல்லறத்தில் இருந்த ஒரு பெண்மணி. அவளுடைய பெயரையும் வரலாறு வைக்கவில்லை. ஊரையிட்டே அவளைத் 'திருக்கோளூர்ப் பெண்பிள்ளை' என்று பெரியோர் வழங்கி வருகிறார்கள்.

திருக்கோளூரின் சிறப்பு

ஆழ்வார்திருநகரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருக்கோளூர். நவதிருப்பதிகளில் ஒன்று. முன்பு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1986-ல் மாவட்டம் பிரிந்தபின் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. மதுரகவியாழ்வார் திருவவதரித்த தலம் இது. இங்கு எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு வைத்தமாநிதி என்று திருநாமம். குபேரன் இழந்த நிதிகள் இங்கே வந்து எம்பெருமானை அடைக்கலம் புகுந்தன என்பது தலபுராணம். நிதியை அளக்கும் மரக்காலைத் தலைக்கு அணையாகக் கொண்டு எம்பெருமான் பள்ளிகொண்டிருக்கிறான். சேர்த்த செல்வமும் அதை அளக்கும் கருவியும் ஒரே ஸந்நிதியில் இருப்பதை வாசகர்கள் நெஞ்சில் கொள்ளவேண்டும். கல்விக்கும் இவ்விரண்டும் வேண்டும் என்பதே நாம் பார்க்கப்போகும் பொருள்.

நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஆறாம் பத்து ஏழாம் திருவாய்மொழியை இத்தலத்திற்கு அருளிச்செய்தார். அது தாய்ப் பாசுரமாக அமைந்தது. பராங்குச நாயகி வீட்டை விட்டுத் தனியே போய்விட்டாள். தேடும் தாய்க்கு ஒரு கலக்கமும் இல்லை. தன் மகள் சென்று புகுந்திருக்கும் ஊர் திருக்கோளூரே என்று அவள் உறுதியாகச் சொல்லுகிறாள். ஏனெனில் அம்மகளுக்குப் பசிக்கு உணவும், தாகத்திற்கு நீரும், உண்டபின் வேண்டும் வெற்றிலையும் எல்லாம் கண்ணனே. தாரகம், போஷகம், போக்யம் என்று ஆசார்யர்கள் இவற்றைப் பிரித்து விளக்குவர். உயிர் தரிப்பதற்கு ஒன்று, வளர்வதற்கு ஒன்று, இன்புறுவதற்கு ஒன்று என்று உலகத்தார் வெவ்வேறாகத் தேடுகிற மூன்றும் அவளுக்கு ஒரே இடத்தில் கிடைத்தன.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஆழ்வார் எடுத்தவை மூன்றும் அடுக்களையிலும் திண்ணையிலும் அன்றாடம் புழங்குபவை. மிக உயர்ந்த ஞானத்தைச் சொல்லவந்த இடத்தில் சோற்றையும் தண்ணீரையும் வெற்றிலையையுமே அளவாகக் கொண்டார். எனவே, அன்றாட வாழ்வில் இறங்காத கல்வியை ஆழ்வார் கல்வியாகக் கொள்ளவில்லை என்று தெரிகிறது.

புகும் ஊரில் ஒரு புறப்பாடு

எம்பெருமானார் (1017 – 1137) பாண்டிநாட்டுத் திவ்யதேசங்களை ஸேவித்துக்கொண்டு திருக்கோளூருக்கு எழுந்தருளினார். ஊர் எல்லையில் ஒரு பெண்பிள்ளை எதிரே வந்து தெண்டனிட்டாள். எங்கிருந்து புறப்பட்டாய் என்று உடையவர் வினவ, திருக்கோளூரிலிருந்து என்றாள். எல்லாரும் புகவேண்டிய ஊர் என்று ஆழ்வார் அருளிச்செய்திருக்க, அவ்வூரிலிருந்து புறப்படுவாரும் உண்டோ என்று உடையவர் வியந்து கேட்டார். அதற்கு அவள் விடையாக விண்ணப்பித்தவையே 81 வார்த்தைகள். 'திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யம்' என்று அவை போற்றப்படுகின்றன.

ஒவ்வொரு வார்த்தையிலும் ஓர் அடியவரின் செயல் வரும். அச்செயலை அடியேன் செய்தேனோ என்ற கேள்வியாக அது முடியும். எண்பத்தொன்றும் சொன்னபின், வயலில் கிடந்தாலும் வரப்பில் கிடந்தாலும் எதற்கும் உதவாத ஓர் அற்பப் பொருளுக்குத் தன்னை ஒப்பிட்டு, அடியாள் இவ்வூரில் இருந்தால் என்ன, போனால் என்ன என்று தலைக்கட்டினாள்.

அவள் எவரெவரிடம் கற்றாள்?

இந்த 81 வார்த்தைகளில் வருபவர்களை வரிசையாகப் பார்த்தால் அவள் கற்ற கல்வியின் பரப்புத் தெரியும். ஸ்ரீராமாயணத்திலிருந்து பரதன், இலக்குவன், சபரி, பெரியவுடையாரான ஜடாயு, பாரத பாகவதங்களிலிருந்து அக்ரூரர், விதுரர், த்ரௌபதி, குசேலர், ஆழ்வார்களில் பலர், உடையவர் காலத்திலேயே எழுந்தருளியிருந்த திருக்கச்சிநம்பி, திருக்கோட்டியூர்நம்பி போன்ற ஆசார்யர்கள். அவள் பழைய கதையை மட்டும் கேட்டவள் அல்லள். தன் காலத்தில் காஞ்சியிலும் திருக்கோட்டியூரிலும் நடந்ததையும் தாமிரபரணிக் கரையில் இருந்தபடியே கேட்டு அறிந்து நெஞ்சில் வைத்திருந்தாள்.

தன் ஊரையும் அவள் மறக்கவில்லை. ஆழ்வாரையன்றி வேறு தெய்வம் அறியாத மதுரகவிகள் அவள் ஊரார். அவரையும் ஒரு வார்த்தையில் வைத்தாள். திருக்குறுங்குடி நம்பியைப் பாடிய நம்பாடுவானும் தென்பாண்டிச் சீமையவரே. தன்னை உண்ண வந்த ப்ரஹ்மராக்ஷஸனிடம், பாடிவிட்டுத் திரும்புகிறேன் என்று சொல்லிப் போய், சொன்னபடியே திரும்பி வந்து, தன் பாட்டின் பயனை அவனுக்கே தந்து அவன் துயர் தீர்த்தவர். கைசிக மாஹாத்ம்யம் கூறும் இவ்வரலாற்றையும் அவள் தனக்கு ஒரு கேள்வியாக்கிக்கொண்டாள்.

மேலும், அவள் தன் ஆசான்களைக் குலத்தாலோ பிறப்பாலோ தேர்ந்தெடுக்கவில்லை. சேதுபந்தனத்தில் கைங்கர்யம் செய்த அணில்கள், ஓடம் விட்ட குகன், சந்தனம் பூசிய கூனி, மண்ணால் மலர் செய்து திருவேங்கடமுடையானுக்கு ஸமர்ப்பித்த குயவரான குரவநம்பி ஆகியோர் அவ்வரிசையில் உள்ளனர். இலங்கையில் இருந்த திரிசடையும் மண்டோதரியும், வழி சொன்ன கபந்தனும்கூட உள்ளனர். எதிரியின் மாளிகையில் பிறந்த நல்வார்த்தையும் அவளுக்குப் பாடமாயிற்று. கற்கவேண்டும் என்ற எண்ணம் உண்மையாக இருந்தால், கற்பிப்பார் இல்லை என்ற குறை வராது என்பதற்கு இதுவே சான்று.

இவர்களுள் கொங்கில்பிராட்டியின் வரலாறு கற்பவர்களுக்கு மிகவும் ஆறுதல் தருவது. கொங்கு நாட்டிலிருந்து திருவரங்கம் வந்திருந்த அவ்வம்மையார் உடையவரிடம் த்வயத்தைப் பெற்றார். ஊர் திரும்பும் வேளையில் அது மறந்துபோயிற்று. மறந்துவிட்டதே என்று வெட்கி ஒதுங்காமல் மீண்டும் விண்ணப்பித்துப் பெற்றார். உடையவருடைய பாதுகைகளையும் பெற்றார். மறதி கல்விக்குக் குற்றமன்று. மறந்ததை மறைப்பதே குற்றம்.

பிறரை அளக்கும் கல்வி, தன்னை அளக்கும் கல்வி

ஒரே வரலாற்றை இருவகையாகக் கற்கலாம். பரதாழ்வானின் கதையைக் கேட்டவர் ஒருவர், என் தம்பி அப்படி இருக்கிறானா என்று நினைக்கிறார். மற்றொருவர், வைத்த இடத்தில் நான் இருந்தேனா என்று நினைக்கிறார். கதை ஒன்றே, முன்னவர் கையில் அது பிறரைக் குத்தும் கோலாகிறது, பின்னவர் கையில் தன்னை அளக்கும் மரக்காலாகிறது. பெண்பிள்ளையின் எண்பத்தொரு வார்த்தைகளில் ஒன்றுகூடப் பிறர்மேல் பாயவில்லை. கற்ற அனைத்தும் தன்பக்கமே திரும்பின. அவள் கல்வியின் ரஹஸ்யம் இதுவே.

அறிவு மிகுந்தால் அகங்காரம் மிகுவது உலகியல்பு. அவளுக்கோ அறிவு மிகமிக நைச்யம் மிகுந்தது. வரிசை நீளநீளத் தான் செய்யாதவையே கண்ணில் பட்டன. கையில் ஒன்றும் இல்லை என்ற இந்த உணர்வை நம் ஸம்ப்ரதாயம் ஆகிஞ்சந்யம் என்று சொல்லும். ஒன்றும் கல்லாதவனுக்கு இவ்வுணர்வு எளிதில் வாராது. இருப்பது போதும் என்றே அவன் நினைப்பான். பெரியோர் ஒழுக்கத்தைக் கற்றவனுக்கே தன் வறுமை தெரியும். ஆகவே, கற்றும் ஒழுக்கம் வரவில்லையே என்று வருந்துபவரிடம் கல்வி தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

புல்லும் எறும்பும் கற்றனவோ?

இவ்விடத்தில் மற்றொரு கேள்வி எழும். நம்மாழ்வாரே ஏழாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியில் கல்வியைப் பற்றி அருளிச்செய்தார். கற்க விரும்புவோர் இராமபிரானையன்றி மற்றொருவரைக் கற்பார்களோ என்பது அதன் தொடக்கம். அதற்கு ஆழ்வார் காட்டும் காரணம் வியப்பானது. அயோத்தியில் இருந்த புல் முதல் சிற்றெறும்பு வரை எல்லாவற்றையும், அவற்றினிடத்தில் ஒரு ஸாதனமும் இல்லாமலிருக்க, பெருமாள் நற்கதியில் சேர்த்தருளினான். புல் எந்தச் சாஸ்திரத்தையும் ஓதவில்லை. எறும்பு எந்த நோன்பும் நோற்கவில்லை. அவன் வாழ்ந்த மண்ணில் அவை இருந்தன, அவ்வளவே. பெருமாள் காடேறியபோது மரங்களும் வாடின என்று ஸ்ரீராமாயணம் பேசுகிறது.

கல்லாத புல்லுக்கே பேறு உண்டென்றால் நாம் ஏன் கற்கவேண்டும்? கல்வியைப் பேற்றுக்குக் கொடுக்கும் விலையாக நினைத்தால்தான் இந்தக் கேள்வி. நம் ஆசார்யர்கள் திருவுள்ளத்தில் உபாயம் எம்பெருமானே. கல்வி அவனுடைய உபகாரத்தை உணர்வதற்காக ஏற்பட்டது. புல் பெற்றது, பெற்றதை அது அறிந்து நன்றி சொல்லவில்லை. அந்த நன்றியைச் சொல்லவும், அவன் குணங்களில் ஈடுபட்டு உருகவும், அதைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லவும் சேதநனுக்கு ஞானம் தரப்பட்டுள்ளது. ஆழ்வார் கற்கச் சொன்னது, கல்லாததையும் காக்கும் ஒருவனை. அவனை உண்மையாகக் கற்றவன் தன் கல்வியைக் காட்டிக் கூலி கேட்கமாட்டான்.

உடையவர் நிறைவு செய்த பாடம்

இப்போது பெண்பிள்ளையிடம் மீண்டு வருவோம். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அவள் அறிந்தது முற்றிலும் சரி. ஆனால் அதனால் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று முடிவு கட்டினாள். அங்கேதான் பாடம் பாதியில் நின்றது. கைம்முதல் இல்லாதவனுக்குப் போக்கிடமும் இல்லை. ஆகிஞ்சந்யத்தோடு அநந்யகதித்வமும் சேரவேண்டும். தகுதி உடையவர்கள் வேறிடம் தேடிப் போகலாம். தகுதி இல்லாதவர்கள் எம்பெருமான் வாசலைவிட்டு எங்கே போவது? குபேரன் இழந்த நிதிகளும் போக்கற்றே இவ்வூரை அடைந்தன.

இதை உடையவர் வாதம் செய்து விளக்கவில்லை. அவள் வார்த்தைகளைத் திருச்செவிசாத்தி உகந்து, அவளுடைய திருமாளிகைக்கே எழுந்தருளி, அவள் கையால் அமுது செய்தருளினார் என்று பெரியோர் சொல்லுவர். புறப்பட்டவள் திரும்பினாள். ஸ்ரீபாஷ்யம் அருளியவருக்கு உணவு சமைத்தாள். எண்பத்தொன்றில் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னவளுக்கு, செய்யவேண்டியது ஒன்று தன் அடுக்களையிலேயே கிடைத்துவிட்டது. கற்றல் நம்மை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே அழைத்துச் செல்வது ஆசார்ய க்ருபை.

அவ்வாசார்ய பரம்பரையில் பின்னாளில் ஆழ்வார்திருநகரியில் 1370-ல் அவதரித்த மணவாளமாமுனிகள், திருவாய்மொழிப்பிள்ளை திருவடிகளில் கற்றார். உபதேசரத்தினமாலையில் ஸ்ரீவசனபூஷணத்தைப் பேசுமிடத்தில், அதன் ஆழ்பொருளை முற்றும் அறிவாரும் அதன்படி நடப்பாரும் அரியர் என்று தம் நெஞ்சோடு சொல்லிக்கொண்டார். ஆயினும் கற்பிப்பதை அவர் நிறுத்தவில்லை; கற்பவர்களைத் தள்ளவும் இல்லை.

நாம் கொள்ளவேண்டுவது

இந்த 81 வார்த்தைகளை நாளொன்றுக்கு ஒன்றாக எடுத்தால் மூன்று மாதத்திற்குள் நிறைவுபெறும். காலையில் ஒரு வார்த்தையை எடுத்து அதில் வரும் அடியவர் யார், அவர் செய்தது என்ன என்று வீட்டிலுள்ளோர் கூடி அறியலாம். பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம். இரவில், அதன் சாயலாவது இன்று நம்மிடம் இருந்ததா என்று தன்னைத்தான் கேட்டுக்கொள்ளலாம். குகன் வரும் நாளில், ஒருவர்க்கு வழித்துணை ஆனோமா? குசேலர் வரும் நாளில், இருந்த சிறிதைப் பகிர்ந்தோமா? கபந்தன் வரும் நாளில், ஒருவர்க்கு நல்வழி சொன்னோமா?

பெரும்பாலான நாள்களில் 'இல்லை' என்பதே விடையாகும். அதற்காகப் பாடத்தை மூடிவைத்துப் புறப்பட்டுவிட வேண்டா. அந்த 'இல்லை'யை வைத்தமாநிதியின் திருமுன்பே சொல்லிவிட்டு, மறுநாள் அடுத்த வார்த்தையை எடுக்கவேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்
அடியேன் தாஸன்