நம்பாமையும் மறுத்தலும்



கல்யாணில் நம் பௌத்தக் குடும்பத்தாரிடம் உற்றாரும் அண்டைவீட்டாரும் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு: “கடவுள் இல்லையென்று உங்களால் மெய்ப்பிக்க முடியுமா? முடியாதெனில் எங்களுடன் கோயிலுக்கு வாருங்கள்.” நம்மவருள் சிலர் “இல்லவே இல்லை” என்று உரக்கக் கூறிவிட்டு, சான்று காட்ட இயலாது திகைக்கின்றனர். பின்னர்க் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும், ஒருவேளை இருந்துவிட்டால் என்றஞ்சி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கின்றனர். இத்தடுமாற்றம் நீங்க இரு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

“கடவுள் உண்டென்று நான் நம்பவில்லை” என்பது ஒன்று. “கடவுள் இல்லை” என்பது மற்றொன்று. முன்னது தன் மனநிலையைக் கூறுவது. பின்னது உலகைப் பற்றிய துணிபு. அதைக் கூறுவோன் காரணமும் கூறக் கடமைப்பட்டவன். பெரியார் 1967இல் முழங்கிய கடவுள் மறுப்பு பின்னதைச் சார்ந்தது.

உம் பாட்டனார் என்னிடம் நூறு ரூபாய் கடன்பட்டார் என்று ஒருவன் வந்து கேட்டால், பத்திரத்தைக் காட்டு என்போம். கடன் வாங்கவில்லையென்று நாம் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. பத்திரம் காணும்வரை பணமும் கொடோம். நம்பாமை இத்தகையது. அவன் காட்டும் பத்திரத்தின் தேதி பாட்டனார் இறந்த பிற்பட்ட நாளாயின், “இது பொய்” என்றே துணிந்துரைப்போம். மறுத்தல் இத்தகையது.

தீக நிகாயத்துத் தேவிஜ்ஜ சூத்திரத்தில், வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு அந்தண இளைஞர் பிரமனை அடையும் வழி எதுவென வாதிட்டுப் பகவானிடம் வருகின்றனர். பிரமன் இல்லையென்று பகவான் கூறவில்லை. மூன்று வேதம் வல்லாருள் எவரேனும் அவனை நேரிற் கண்டதுண்டோ என வினவினார். ஏழு தலைமுறை ஆசிரியருள்ளும் எவருமில்லை என விடை வந்தது. காணாதார் காட்டும் வழி, குருடரைக் குருடர் பற்றிச் செல்லும் வரிசையை ஒக்கும் என்றார். முடிவில் மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கையும் போதித்தார்.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளிலும் இவ்வேறுபாடு விளங்குகின்றது. முதலாவது, பிரமன், விஷ்ணு, மகேசுவரன் ஆகியோரை நம்பேன், வணங்கேன் என்பதாம். அவர்கள் இல்லையென மெய்ப்பிக்குமாறு அது நம்மைப் பணிக்கவில்லை. ஐந்தாவதோ, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்னும் கூற்றைப் பொய்ப்பிரசாரம் என்றே தள்ளுகின்றது. பகவான் சாக்கியர் குலத்திற் பிறந்த மனிதர். அவதாரக் கதையோ அவருக்குப் பன்னூறாண்டுகள் பின்வந்த புராணங்களில் எழுந்தது. பத்திரத்தின் தேதி பொருந்தவில்லை!

ஆதலின் வினவுவோர்க்குப் பணிவுடன் இங்ஙனம் கூறுக: “நீங்கள் சொல்வதற்குச் சான்று காணேன், ஆகவே நம்பவில்லை, வணங்கவுமில்லை.” மெய்ப்பிக்க இயலாமை வணங்குதற்குக் காரணமாகாது. ஆலையில் நூல் அறுந்தால் முறுக்கையும் ஈரப்பதத்தையும் அன்றோ பார்த்தோம்? குழந்தையின் காய்ச்சலுக்கும் காரணம் உண்டு. காசு முடியும் கை, மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. முதல் உறுதிமொழிக்கும் ஐந்தாவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அண்டைவீட்டார் மனம் நோகாது முதல் உறுதிமொழியை எங்ஙனம் விளக்குவீர்?