நூற்பும் பின்னலும் நம் அன்றாட வாழ்வும்

ஐதராபாத் மாநகரின் வடகிழக்கே ஏ. எஸ். ராவ் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அய்யகாரி சாம்பசிவ ராவ் என்னும் அறிவியல் அறிஞரின் பெயரைத் தாங்கிய பகுதி அது. 1967ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்தை உருவாக்கி வளர்த்தவர் அவர். கருவிகள் செய்வதையே வாழ்வாகக் கொண்ட ஒருவரின் பெயர் விளங்கும் இடத்தில் இருந்துகொண்டு, மனிதன் கண்ட மிகப் பழைய கருவிகளுள் ஒன்றாகிய நூற்கும் கதிரைப் பற்றி எண்ணிப் பார்ப்பது பொருத்தமே அல்லவா?

தக்ளி ஒன்று வாங்கி இரண்டு வாரம் ஆர்வத்தோடு நூற்றுவிட்டு, தேர்வு நெருங்கியதும் அதை மூலையில் போட்டுவிட்ட நண்பர்கள் நம்மிடையே உண்டு. கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கி, ஒரு கையோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. காரணம் கேட்டால், “நேரம் இல்லை” என்பார்கள். ஆனால், உலக மக்களுக்கு நெடுங்காலம் ஆடை தந்தவர்கள் ஓய்வு மிகுந்தவர்கள் அல்லர். சமைத்தும், குழந்தை வளர்த்தும், மாடு மேய்த்தும், நீர் சுமந்தும் வாழ்ந்தவர்களே நூற்றார்கள், பின்னினார்கள். அவர்களுக்கு அது எப்படி முடிந்தது? நமக்கு ஏன் முடியவில்லை? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இடைநிறுத்தக் கூடிய வேலை

நூற்பும் பின்னலும் பெரும்பாலான நாடுகளில் பெண்கள் கையில் ஏன் இருந்தன என்பதை 1970ஆம் ஆண்டு ஜூடித் பிரவுன் என்னும் மானிடவியலார் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யத்தக்க வேலைக்குச் சில இயல்புகள் வேண்டும் என்றார் அவர். வேலை வீட்டுக்கு அருகிலேயே நடைபெற வேண்டும். குழந்தைக்குத் தீங்கு தரக்கூடாது. முழுக் கவனத்தையும் விழுங்கக்கூடாது. எந்த நொடியிலும் நிறுத்தி, பிறகு எளிதில் தொடரக்கூடியதாக இருக்க வேண்டும். நூற்பு இந்த இயல்புகள் எல்லாம் வாய்ந்தது. குழந்தை அழுதால் கதிரைக் கீழே வைக்கலாம். நூற்ற நூல் நூற்றபடியே இருக்கும்.

நம் சங்க இலக்கியமும் இதற்குச் சான்று தருகிறது. புறநானூற்றின் 326ஆம் பாடலில் ஒரு சிறு காட்சி வருகிறது. காட்டுப் பூனைக்கு அஞ்சி அலறிய இளம்பேடை, பஞ்சிலுள்ள குப்பையை நீக்குவதற்காக இரவில் எழுந்த பெண்ணின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அமைதி பெறுகிறது. நற்றிணையின் 353ஆம் பாடலில், துணையின்றி வாழும் பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூல், மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாகிறது. பகல் முழுதும் மற்ற வேலைகளுக்குப் போய்விட, இரவில் எஞ்சிய பொழுதே பஞ்சுக்குக் கிடைத்தது போலும். பாடலின் அழகில் மயங்கி, அந்தப் பெண்ணின் உறக்கம் கெட்டதை நாம் மறந்துவிடக் கூடாது.

பிற நாடுகளையும் சற்றே காண்போம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுப் பெண்கள், அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளைக் கூடையில் முதுகில் சுமந்தபடி, நடந்துகொண்டே கம்பளி பின்னினார்கள். இடுப்பில் துளைகள் இட்ட தோல் கச்சை ஒன்றை அவர்கள் கட்டியிருப்பார்கள். ஒரு பின்னல் ஊசியின் முனை அந்தத் துளையில் ஊன்றி நிற்கும். அதனால் வலக்கை ஊசியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபடும். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் பெண்கள் மந்தை மேய்த்துக்கொண்டே கதிரைத் தொங்கவிட்டு நூற்பார்கள். பெரு நாட்டின் தக்கீலே தீவிலோ பின்னல் வேலையைப் பெரும்பாலும் ஆண்களே செய்கிறார்கள். இது பெண்கள் வேலை என்று ஒதுங்கும் மாணவ நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. வாழ்வோடு இசைந்து நின்ற கைத்தொழில் எதுவும் கீழே வைக்கக்கூடிய கைத்தொழிலாகவே இருந்திருக்கிறது.

அரை மணி நேரம்

இந்த உண்மையை நம் நாட்டில் நன்கு அறிந்து பயன்படுத்தியவர் காந்தியடிகள். 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் அகமதாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு, பொறுப்பில் உள்ளோர் நாள்தோறும் அரை மணி நேரமேனும் நூற்க வேண்டும் என்றும், மாதந்தோறும் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்றும் முடிவு செய்தது. நாள் கணக்கில் பார்த்தால் இது ஏறத்தாழ 67 கஜம். வழக்கறிஞரும் ஆசிரியரும் வணிகரும் தம் தொழிலை விடாமலே செய்யக்கூடிய அளவு அது.

அவ்வாண்டு டிசம்பரில் காந்தியடிகள் தலைமையில் நடந்த பெல்காம் மாநாட்டில், நூல் தருவது கட்சி உறுப்பினர் ஆவதற்கே நிபந்தனையாயிற்று. ஆனால், அந்த நிபந்தனை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில், நூலும் தரலாம், பணமும் தரலாம் என்று தளர்த்தப்பட்டது. நூற்பு இயக்கத்தை நடத்த அகில இந்திய நூற்போர் சங்கம் தனியே தோன்றியதும் அப்போதுதான். கட்டாயத்தால் கை நூற்கலாம். ஆனால் நெடுநாள் நூற்காது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கட்டாயத்தால் ஆகாததைக் கருவி ஓரளவு செய்தது. பழைய ராட்டை பெரியது. ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நிற்பது. 1930ஆம் ஆண்டு எரவாடா சிறையில் இருந்தபோது காந்தியடிகள் பெட்டி ராட்டையைச் செம்மைப்படுத்தினார். இரண்டு சக்கரங்களும் கதிரும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். மூடினால் கையில் எடுத்துச் செல்லலாம்; இரயிலிலும் திறந்து நூற்கலாம். நூற்பு மனிதனைத் தேடி வந்தது எனலாம்.

பின்னர் ஏகாம்பரநாதன் என்னும் தமிழர் ஒருவர், ஒரே வேளையில் பல கதிர்கள் சுழலும் ராட்டையைக் கண்டுபிடித்தார். அவர் பெயரின் ஒரு பகுதியே அதற்கு அம்பர் சர்க்கா என்று பெயராயிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அது நாடெங்கும் பரப்பப்பட்டது. பெட்டி ராட்டை ஓய்வுப் பொழுதுக்கு உரிய கருவி. அம்பர் ராட்டையோ பிழைப்புக்கு உரிய கருவி. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பள்ளிக்குள் வந்த தக்ளி

நூற்பைக் குழந்தைகளின் நாளிலும் சேர்க்க முயன்றதுண்டு. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டை அடுத்து, ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவின் தலைவர் ஜாகிர் உசேன். பின்னாளில் குடியரசுத் தலைவரான அவர் நம் ஐதராபாத்திலே பிறந்தவர். அக்குழு வகுத்த கால அட்டவணையில், ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. தாய்மொழிக்குக் கிடைத்தது 40 நிமிடம். கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் கற்பிப்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால், தக்ளி மற்றப் பாடங்களின் பொழுதை விழுங்கிவிடும் என்ற அச்சமும் உடன் எழுந்தது.

தமிழ்நாட்டு வரலாறு இதைவிடக் கூர்மையான பாடம் ஒன்றைத் தருகிறது. 1953ஆம் ஆண்டு இராசாசியின் ஆட்சியில், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார்கள். இடமும் ஆசிரியரும் போதாத நிலையில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்க இது வழி என்பது அரசின் வாதம். ஆனால், நெசவாளியின் மகன் தறியிலேயே இருக்க வேண்டும் என்பதுதானே இதன் விளைவு என்று மக்கள் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தக்ளியும் தறியும் செய்த குற்றம் இதில் ஒன்றும் இல்லை. ஒருவர் விரும்பி எடுக்கும்போது இனிக்கும் அதே வேலை, பிறப்பைக் காட்டி ஒருவர் கையில் திணிக்கப்படும்போது கசக்கிறது. முன்பு நாம் கண்ட உண்மைக்கு இங்கே இன்னொரு பொருள் கிடைக்கிறது. கருவியைக் கீழே வைக்க முடிவது மட்டும் போதாது. அதைக் கீழே வைக்கும் உரிமை கையாள்பவருக்கு இருக்க வேண்டும்.

போச்சம்பள்ளித் தாய்மார்

இந்த உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஏ. எஸ். ராவ் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் போச்சம்பள்ளி இருக்கிறது. 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவேயின் முன் 100 ஏக்கர் நிலம் கொடையாக வந்து, பூதான இயக்கம் பிறந்த ஊர் அது. இக்கத் சேலைக்கும் அவ்வட்டாரம் புகழ் பெற்றது. இக்கத் என்பது, நூலை நெய்வதற்கு முன்பே கணக்கிட்டு ஆங்காங்கே இறுகக் கட்டிச் சாயம் ஏற்றும் முறை. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பிறகு நெய்யும்போது பூவும் கோலமும் தாமே தோன்றும்.

சாயம் ஏற்றுவதற்கு முன், நூலை முளைகளின்மேல் ஒழுங்காகச் சுற்றி வரிசைப்படுத்த வேண்டும். இதற்கு ஆசு என்று பெயர். ஒரு பக்கம் ஒரே முளை. எதிர்ப்பக்கம் அரைவட்டமாகப் பல முளைகள். நூலைப் பிடித்த கை இங்கும் அங்குமாகப் போய்வர வேண்டும். ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 முறை. நேரம் நான்கு அல்லது ஐந்து மணி. நாளுக்கு இரண்டு சேலை என்றால் 18,000 முறை கை வீச வேண்டும். இந்த வேலை வீட்டுப் பெண்களுடையது. அடுப்பு வேலைக்கும் குழந்தை வேலைக்கும் இடையே செய்வது. பார்ப்பதற்கு இதுவும் வீட்டுக்குள்ளேயே செய்யத்தக்க, இடையில் நிறுத்தத்தக்க வேலைதான். ஆயினும் அந்தத் தாயால் நிறுத்த முடியாது. தறி காத்திருக்கிறது, அவள் நிறுத்தினால் வீட்டின் கூலி நிற்கும். தோள் நோவு தொழிலோடு வந்த பங்காக அவளைச் சேர்ந்தது.

ஆலேர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட இளைஞர் ஒருவர் தம் தாய் இலட்சுமி படும் இத்துன்பத்தைக் கண்டார். அவர் பெயர் சிந்தகிந்தி மல்லேசம். 1992ஆம் ஆண்டு ஆசு எந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். ஊரார் எள்ளினர், கையில் பணம் இல்லை, இடையில் பிழைப்புக்காக ஐதராபாத்துக்கு வந்து வேலை செய்தார். ஏழாண்டு முயற்சிக்குப் பின் 1999இல் எந்திரம் முழுமை பெற்றது. தாயின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரு சேலையின் ஆசு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடியும் நிலை வந்தது. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

எந்திரம் வந்தால் கைத்தொழில் அழியும் என்று நாம் பொதுவாகக் கூறுவோம். இங்கே நடந்தது வேறு. சேலையின் அழகு கட்டும் கணக்கிலும் சாயத்திலும் நெசவிலும் இருக்கிறது. 9,000 முறை கை வீசுவதில் இல்லை. அறிவு இருக்கும் இடத்தைக் கைக்கு விட்டு, நோவு இருக்கும் இடத்தை எந்திரத்துக்குத் தந்தார் மல்லேசம்.

மாணவர்க்குச் சில வழிகள்

இனி, நாம் நம் நாளில் இவ்வேலைகளுக்கு எவ்வாறு இடம் தரலாம் என்று காண்போம்.

முதலாவது, வேலையை நேரத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ள வேண்டும். தக்ளி நூற்பும், கோலம் இல்லாத நேர்ப் பின்னலும் கைக்குப் பழகியபின் கண்ணை அதிகம் கேட்பதில்லை. நண்பரோடு உரையாடும்போதும், ஒலிப்பாடம் கேட்கும்போதும் செய்யலாம். கண்ணிகளை எண்ணிச் செய்யும் பூப்பின்னலுக்குத் தனிமையும் வெளிச்சமும் வேண்டும். சாயம் ஏற்றுவதும், தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதும் இடையில் நிறுத்தக்கூடாத வேலைகள். அவற்றுக்கு ஒரு முழுக் காலைப் பொழுதும் பலர் துணையும் வேண்டும். விடுதி வாழ்வில் இவற்றைத் தொடங்கித் துன்புறுவதில் பயனில்லை.

இரண்டாவது, நிறுத்தும் இடத்தை அறிந்து நிறுத்த வேண்டும். பின்னலை வரிசை முடிவில் நிறுத்துவது நன்று. இடையில் நிறுத்த நேர்ந்தால், மீண்டும் எடுக்கும்போது உருண்டையிலிருந்து வரும் நூல் வலக்கை ஊசியில் இருக்குமாறு பிடித்துத் தொடரவேண்டும்; இல்லையேல் வந்த வழியே திரும்பிவிடுவோம். எத்தனையாவது வரிசை என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தால் அடுத்த நாள் பிரித்துப் பின்னும் வேலை இராது. தக்ளியில் நூற்ற நூலைக் கதிரில் சுற்றி, முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டே பையில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு சிறிதாக இருக்கட்டும். அந்தப் பழைய அரை மணி நேரக் கணக்கு இன்றும் நல்ல கணக்கே. ஞாயிறு முழுதும் நூற்றுத் தோள் நொந்து ஒரு மாதம் ஓய்வதைவிட, நாள்தோறும் சிறிது நூற்பது கைப்பழக்கத்தை வளர்க்கும். தேர்வு வந்தால் தயங்காமல் நிறுத்திவிடலாம். அதற்காக நாணவும் வேண்டா. எடுக்கவும் வைக்கவும் முடிகிறது என்பதே நமக்குக் கிடைத்த பேறு.

அந்தப் பேறு எல்லோர்க்கும் கிடைக்கவில்லை என்பதை மறவாதிருப்போம். நாம் விரும்பி எடுக்கும் கதிரைப் பலர் வேறு வழியின்றி எடுத்தனர். ஒரு கஜம் நூல் நூற்றுப் பார்த்தவர், சேலையின் விலையைக் கேட்டு வியப்பதற்கு முன் அதில் அடங்கிய மணிக்கணக்கை எண்ணிப் பார்ப்பார். நூற்கக் கற்பதால் நமக்கு ஆடை பெரிதாகக் கிடைத்துவிடாது. பிறர் உழைப்பின் அளவு தெரியவரும். அது தெரிந்தால், நம்மில் பொறியியல் பயிலும் ஒருவர் நாளை ஏதேனும் ஒரு வீட்டின் ஓரத்தில் ஒரு தாயின் கை போய்வருவதைக் கண்டு, மல்லேசத்தைப் போல நின்று யோசிக்கக் கூடும்.