அவசர ஊர்தியும் ஆங்கிலக் கட்டுரையும்

கேள்வி: அவசர மருத்துவ உதவியாளர் வேலையையும் ஆங்கிலத்தில் எழுதுவதையும் சமுதாயக் கல்லூரியில் கற்க முடியுமா?
– வாசகர், உறுவையாறு

பதில்: அமெரிக்காவில் இரண்டும் ஒரே வளாகத்தில் கிடைப்பது வழக்கம். இல்லினாயில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் கல்லூரி அந்த மரபின் மூத்தது. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி உறுவையாற்றுக்கு அருகிலேயே உள்ளது: புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய இலாசுப்பேட்டைக் கல்லூரி. மறு ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னைச் சமுதாயக் கல்லூரியைத் திறந்தது. அங்கே தொழில்திறனுடன் ஆங்கிலமும் வாழ்க்கைத் திறனும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

ஆனால் இங்கே ‘பாராமெடிக்கல்’ என்று விளம்பரமாகும் படிப்புகளில் பெரும்பாலானவை ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் சார்ந்தவை. 108 அவசர ஊர்தியில் செல்பவரின் பணி வேறு. மூச்சுவழியைத் திறந்து வைத்தல், இரத்தப்போக்கை நிறுத்துதல், இதய இயக்க மீட்பு, ஓடும் வண்டியிலேயே பிரசவம் பார்த்தல் எல்லாம் அதில் அடங்கும். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இப்பணியையும் பட்டியலில் சேர்த்துள்ளது. கட்டணம் கட்டுமுன் படிப்பின் அங்கீகாரத்தையும், மருத்துவமனைப் பயிற்சி உண்டா என்பதையும் விசாரிப்பது அவசியம். சுவரொட்டி இவற்றைச் சொல்லாது.

ஆங்கிலம் வெறும் அலங்காரப் பாடமன்று. நோயாளி தமிழில் சொல்வதை மருத்துவமனைப் பதிவேடு ஆங்கிலத்தில் கேட்கிறது. எப்போது மயங்கினார், நாடித்துடிப்பு எவ்வளவு, எந்த மருந்து எத்தனை மணிக்குத் தரப்பட்டது என்று நேர வரிசையில், ஊகம் கலக்காமல், சிறு வாக்கியங்களில் எழுதத் தெரிந்தால் போதும்.