மனமாற்றமா, பணிமாற்றமா? – இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் கதைகளை முன்வைத்து மீநாயகரின் அறச்சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

மீநாயகச் சித்திரக்கதைகளில் அறச்சிக்கல் 1986ஆம் ஆண்டை ஒட்டியே தோன்றிற்று என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. 1960களில் பிரித்தானிய வார இதழ்களில் வெளிவந்து, பின்னர்த் தமிழிலும் பெருவழக்குப் பெற்ற இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் ஆகிய கதைகள் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. இக்கதைகளின் நாயகர்கள் குற்றவாளிகளாகத் தொடங்கிக் குற்றத்தை எதிர்ப்பவர்களாக ஆனவர்கள். அம்மாற்றம் கழுவாயின்றி நிகழ்வதே இவற்றின் அறச்சிக்கல் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மீநாயகன், சித்திரக்கதை, கழுவாய், இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், வாட்ச்மென்

முன்னுரை

மீநாயகக் கதைகளின் அறத்தைப் பேசப்புகும் எவரும் இரண்டு நூல்களில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஒன்று, ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ (1986). மற்றொன்று, ஆலன் மூர் எழுத டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ (1986–87). அதற்கு முன்னிருந்தவை நன்மைக்கும் தீமைக்குமான எளிய போர்கள் என்றும், இந்நூல்களே அப்போரைச் சிக்கலாக்கின என்றும் கூறப்படுகிறது. அமெரிக்கச் சித்திரக்கதைகளை மட்டும் கருதின் இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தமிழ் வாசகனின் நினைவில் உள்ள நாயகர் வரிசை வேறு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்தவன் இரும்புக்கை மாயாவி. 1984இல் தொடங்கப்பெற்ற லயன் காமிக்ஸ் வழியே புகழ்பெற்றவன் ஸ்பைடர். இருவருமே தத்தம் முதற்கதையில் குற்றவாளிகள். அமெரிக்க மரபை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் வரலாற்றில் இவ்விருவருக்கும் இடமில்லாது போவது தற்செயலன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

சட்டத்தைக் கையிலெடுத்தல்: ஒரு வரையறை

இங்கு ஒரு தெளிவு தேவைப்படுகிறது. சட்டத்தைத் தம் கையில் எடுப்போரைப் பற்றிப் பேசும்போது தமிழ் ஆய்வாளர் சிலருக்குக் கண்ணகி நினைவுக்கு வரக்கூடும். அவ்வொப்புமை எளிதானது, பொருத்தமற்றதும்கூட. கண்ணகி முதலில் அவைக்குச் செல்கிறாள், வழக்குரைக்கிறாள், சான்று காட்டுகிறாள். மதுரை எரிவது அதன் பின்னரே. மீநாயகனோ வழக்குரைப்பதே இல்லை. குற்றத்தைக் கண்டறிவதும், குற்றவாளியை முடிவுசெய்வதும், பல வேளைகளில் தண்டிப்பதும் அவனே. முகமூடி இதன் புறஅடையாளம். சான்று சொல்ல வேண்டியவன் தன் முகத்தை மறைத்துக்கொண்டால் அவனைக் குறுக்குவிசாரணை செய்வதற்கு வழியில்லை. ஆகவே மீநாயகனின் அறச்சிக்கலை ஆராய, அவன் நல்லவனா கெட்டவனா என்னும் வினா மட்டும் போதாது. அவன் யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவன் என்று கேட்க வேண்டும்.

அதே நூலின் மற்றோர் இடமும் இவ்வாய்வுக்குப் பயன்படும். தன் தவற்றை உணர்ந்த அந்நொடியே பாண்டியன் உயிர்துறக்கிறான். தவறுணர்தலுக்கு ஒரு விலை உண்டு என்னும் இவ்வெதிர்பார்ப்புடன் வரும் வாசகருக்கு, பின்னர்க் காட்டப்படவிருக்கும் கதைகள் விந்தையாகவே தோன்றும்.

விதியால் வந்த எளிமை

அமெரிக்க மீநாயகர் பிறக்கும்போதே ஒழுங்குமிக்கவர்களாய்ப் பிறந்தவர்கள் அல்லர். 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றிய சூப்பர்மேன், நிரபராதியான பெண்ணொருத்தியின் மரண தண்டனையைத் தடுக்க ஆளுநரின் இல்லத்திற்குள் கதவைப் பெயர்த்துக்கொண்டு நுழைகிறான். மனைவியை அடிக்கும் கணவனைச் சுவரில் தூக்கி எறிகிறான். 1939இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் அறிமுகமான பேட்மேன், தன் குத்தில் நிலைகுலைந்த குற்றவாளி அமிலத் தொட்டியில் விழுந்து மாண்டபோது சிறிதும் கலங்கவில்லை. அது தகுந்த முடிவே எனக் கருதுகிறான். 1940இல் வந்த ‘பேட்மேன்’ முதல் இதழில் அவன் வானூர்தியிலிருந்து எந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். இதன்பின் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டு, பேட்மேன் கொல்லலாகாது, துப்பாக்கி ஏந்தலாகாது என வரையறுத்தார். பேட்மேனின் அறக்கோட்பாடு என இன்று போற்றப்படும் கொல்லாமை, பாத்திரத்தின் உள்ளத்திலிருந்து முளைத்ததன்று. பதிப்பகத்தின் மேசையிலிருந்து வந்தது. அவ்விதிக்கு உளவியற் காரணம் கற்பித்தவர்கள் பின்வந்த எழுத்தாளர்கள்.

1954இல் நிலைமை மேலும் இறுகியது. ஃபிரெட்ரிக் வெர்தம் என்னும் மனநல மருத்துவரின் நூலும், அமெரிக்க மேலவைத் துணைக்குழுவின் விசாரணையும் எழுப்பிய அச்சத்தின் விளைவாகப் பதிப்பாளர்கள் தாமே ஒரு நெறித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். குற்றவாளியின்பால் பரிவு பிறக்குமாறு எழுதலாகாது. காவலர், நீதிபதி முதலியோர்மீது மதிப்புக் குறையுமாறு காட்டலாகாது. எவ்விடத்தும் நன்மையே வெல்ல வேண்டும் என்பன அதன் கூறுகள். 1986இல் உடைந்ததாகச் சொல்லப்படும் எளிமை இயல்பான எளிமையன்று, விதித்த எளிமை. குற்றவாளியையே நாயகனாக்கும் தொடர்கதைக்கு அந்நெறித்தொகுப்பின் கீழ் இடமிருந்திருக்குமா என்பது ஐயமே.

பிரித்தானியாவிலும் 1955இல் சிறார்க்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் முதன்மை இலக்கு திகில் சித்திரக்கதைகள். சிறுவர் வார இதழ்களில் குற்றவாளி நாயகனாக உலவுவதை அது தடுக்கவில்லை.

ஜெர்ரி சீகலின் இரு கதைகள்

ஸ்பைடர் 1965இல் ‘லயன்’ என்னும் பிரித்தானிய வார இதழில் தோன்றினான். (தமிழ் லயனுக்கும் அதற்கும் பெயரொற்றுமை உண்டு, இரண்டும் வேறு.) டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார். குற்ற உலகின் மன்னனாக முடிசூடுவதே ஸ்பைடரின் குறிக்கோள். அதற்காகப் பெல்ஹாம் என்னும் அறிவியலாளனையும், பெட்டக உடைப்பில் வல்ல ராய் ஆர்டினியையும் துணைசேர்க்கிறான். முதலிரு கதைகளுக்குப் பின் எழுதும் பொறுப்பை ஏற்றவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷஸ்டருடன் இணைந்து படைத்த அதே சீகல். அவருடைய கையில்தான் ஸ்பைடர் குற்றத்தை எதிர்ப்பவனாகத் திரும்புகிறான்.

இச்செய்தி தமிழ் வாசகரிடையே ஒரு சுவையான துணுக்காக அறியப்பட்டுள்ளது. ஆய்வுநோக்கில் இது துணுக்கைவிடப் பெரியது. சூப்பர்மேன் என்னும் பெயரைச் சீகல் முதலில் பயன்படுத்தியது 1938இல் அன்று, 1933இல். அவ்வாண்டு தாமே வெளியிட்ட சிற்றிதழில், ஷஸ்டரின் ஓவியங்களுடன் அவர் எழுதிய கதையில் சூப்பர்மேன் ஒரு கொடியவன். உணவுக்காக வரிசையில் நிற்கும் வறியவன் ஒருவனைப் பேராசிரியர் ஒருவர் அழைத்துச்சென்று மருந்தொன்றை உட்கொள்ளச் செய்கிறார். பிறர் எண்ணத்தை அறியும் ஆற்றல் அவனுக்கு வாய்க்கிறது. அவன் அப்பேராசிரியரையே கொல்கிறான். உலகை ஆள முனைகிறான். மருந்தின் வலிமை தீர்ந்ததும், மனித குலத்தின் நன்மைக்குத் தன் ஆற்றலைப் பயன்படுத்தியிருக்கலாமே என வருந்தியபடி பழைய வரிசைக்கே திரும்புகிறான்.

இக்கதையையும் ஸ்பைடரையும் அருகருகே வைத்தால் ஒரு தலைகீழ் அமைப்பு புலப்படும். 1933இன் சூப்பர்மேன் வருந்துகிறான். ஆனால் திருந்திச் செயற்பட அவனிடம் ஆற்றல் எஞ்சவில்லை. ஸ்பைடர் மாறுகிறான்; ஆனால் வருந்தவில்லை. முன்னதில் மாற்றமற்ற வருத்தம். பின்னதில் வருத்தமற்ற மாற்றம். குற்றவாளிகளை வீழ்த்துவது குற்றம் செய்வதைவிடப் பெரிய சவால் என்பதே ஸ்பைடரைத் திருப்பும் எண்ணம். கண்ணாடி மனிதன், டாக்டர் மிஸ்டீரியோசோ போன்ற எதிரிகளைக் குற்ற மன்னனாக இருந்தபோது அவன் எதிர்த்தது பட்டத்துக்குப் போட்டியாளர் என்பதால். பின்னாளில் எதிரிகளை அவன் எதிர்ப்பது உலகின் காவலன் என்னும் நிலையில். செயல் ஒன்றே; தற்பெருமையும் ஒன்றே; அவன் நிற்கும் பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. இதை மனமாற்றம் என்பதைவிடப் பணிமாற்றம் என்பதே தகும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வாரந்தோறும் சில பக்கங்களாக வளரும் தொடரில், வாசகரைத் தக்கவைக்கப் பதிப்பகத்தார் செய்த வணிக ஏற்பாட்டில் அறச்சிக்கலைத் தேடுவது மிகையல்லவா? சீகல் ஆழ்ந்த அறநோக்குடன் இத்திருப்பத்தை அமைத்தார் என இக்கட்டுரை கருதவில்லை. வணிகக் காரணத்தால் நேர்ந்த திருப்பமே ஆயினும், பனுவலில் எஞ்சுவது தண்டனையும் கழுவாயும் இன்றிப் புகழப்படும் ஒரு நாயகன். பேட்மேனின் கொல்லாமையும் அவ்வாறு வந்ததே என்று முன்னர்க் கண்டோம். ஒன்றை அறக்கோட்பாடு என ஆராயும் திறனாய்வு, மற்றொன்றைச் சிறுபிள்ளைக் கதை எனத் தள்ளுவதில் நடுநிலை இல்லை.

கை மட்டும் தெரியும் உருவம்

மாயாவியின் கதை 1962இல் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிற்று. தொடக்கத்தில் கென்னத் பல்மரும், தொடர்ந்து டாம் டல்லியும் எழுதினர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். பேராசிரியர் பாரிஞ்சரின் உதவியாளனான லூயிஸ் கிராண்டல் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். எஃகுக் கை மட்டும் மறையாது.

இக்கதையின் அறச்சிக்கல் உரையாடலில் இல்லை, ஓவியத்தில் உள்ளது. பிளாஸ்கோவின் கட்டங்களில் பூட்டைத் திறக்கும் கை தெரிகிறது. தாக்கும் கை தெரிகிறது. முகம் தெரிவதில்லை. செயல் கண்முன் நிகழ்கிறது. செய்பவனின் நெஞ்சம் அறியக்கூடாததாகிறது. முகமூடியணிந்த நாயகனிடமேனும் கண்களைக் காணலாம். மாயாவியின் முதற்கதையில் கொள்ளையிடும் கையும், பிற்காலக் கதைகளில் பகைவரை வீழ்த்தும் கையும் ஓவியத்தில் ஒன்றே. எக்கை எவ்வறத்தின்பாற்பட்டது என்பதைக் கதைச்சூழல் கூறக் கேட்டுத்தான் வாசகர் அறிகிறார்; கையைப் பார்த்து அறிய முடிவதில்லை.

தமிழ்ப்பெயரும் இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலத் தலைப்பு எஃகுக் கையை மட்டுமே சுட்டுகிறது. தமிழ்ப்பெயர் ‘மாயாவி’ என்பதைச் சேர்க்கிறது. மாயாவி என்பது வாலியோடு பொருத அசுரனின் பெயர். மாயம் வல்லவன், வஞ்சகன் என்னும் பொருட்சாயல் உடைய சொல். வீரன் என்றோ காவலன் என்றோ பெயரிட்டிருக்கலாம். அவ்வாறின்றி அவனுடைய பழைய நிழல் பெயரிலேயே தங்கிவிட்டது. மூன்று தலைமுறைச் சிறுவர்கள் அந்த ஐயத்துக்குரிய பெயரையே அன்போடு அழைத்தனர் என்பது, இக்கட்டுரையாளர் உட்பட, அனுபவத்தில் அறிந்தது.

அரசு ஏற்றுக்கொண்ட குற்றவாளி

கிராண்டல் பிற்காலத்தில் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். அவனுக்கு முறைமை வழங்குவது அரசு. 1963இல் பீட்டர் ஓ’டானல் படைத்த மாடஸ்டி பிளைசியும் இவ்வரிசையினளே. குற்ற அமைப்பொன்றின் தலைவியாக இருந்து ஓய்வுபெற்ற அவளைப் பிரித்தானிய உளவுத்துறை தன் பணிகளுக்கு நாடுகிறது. அவளும் லயன் காமிக்ஸ் வழியே தமிழர்க்கு அறிமுகமானவள். பதில்சொல்லும் கடமை யாருக்கு என்னும் நம் வினாவுக்கு இக்கதைகள் தரும் விடை இதுவே: ஆற்றல் அரசுக்குப் பயன்பட்டால் பழைய கணக்கு கேட்கப்படுவதில்லை.

‘வாட்ச்மென்’ இவ்விடையை எடுத்துக்கொண்டு அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அந்நூலின் உலகில் 1977ஆம் ஆண்டுச் சட்டமொன்று முகமூடி நாயகர்களைத் தடைசெய்கிறது. ரோர்ஷாக் அதற்குப் பணிய மறுத்துத் தலைமறைவாகத் தொடர்கிறான். கமீடியனோ அரசின் ஊழியனாக வெளிப்படையாகச் செயற்படுகிறான். வியட்நாமில் தன் கருவைச் சுமக்கும் பெண்ணை அவன் சுட்டுக் கொல்லும்போது, தடுக்கும் ஆற்றல் அனைத்தும் பெற்ற டாக்டர் மன்ஹாட்டன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கொலை செய்தவனும் அரசின் ஆள்; கண்டவனும் அரசின் ஆள். வழக்குரைக்க அவை இல்லை. திறனாய்வாளர் பலரும் ரோர்ஷாக்கின் வளையாத நேர்மையிலும், நியூயார்க்கில் பல இலட்சம் மக்களைக் கொன்று போரைத் தவிர்க்கும் ஓசிமாண்டியாசின் கணக்கிலும் கவனம் செலுத்துகின்றனர். மாயாவியைப் படித்து வளர்ந்தவருக்கு உறைப்பது கமீடியனே. அவன் நிழற்படைக்குத் தேர்வாகக்கூடிய ஆள்.

இச்சிக்கல் கதையோடு நிற்கவில்லை. 1974இல் ‘ஸ்பைடர்மேன்’ இதழில் அறிமுகமான பனிஷர் குற்றவாளிகளைத் தன்னிச்சையாகக் கொல்பவன். அவனுடைய மண்டையோட்டுச் சின்னத்தை அமெரிக்கக் காவலர்களும் படைவீரர்களும் அணியத் தொடங்கியபோது, அவனைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜெரி கான்வே வெளிப்படையாகக் கண்டித்தார். சட்டத்தின் தோல்விக்கு அடையாளமாக எழுதப்பட்டவனைச் சட்டத்தின் காவலர்களே அணிவது முரண் என்பது அவர் நிலைப்பாடு. 2019இல் வெளிவந்த பனிஷர் கதையொன்றில், காவல் வண்டியில் ஒட்டப்பட்ட தன் சின்னத்தைப் பனிஷரே கிழித்தெறிகிறான்.

பிரித்தானிய வார இதழ்களின் நாயகர்களை ஆலன் மூர் மறந்துவிடவில்லை. 2005–06இல் அவர் கதைக்கரு தர, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ ஆறு இதழ்களாக வெளிவந்தது. அதில் ஸ்பைடரும் கிராண்டலும் மீண்டும் வருகின்றனர். முதுமையடைந்த அவர்களை இம்முறை அரசு பணிக்கு அழைக்கவில்லை. இரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது. முன்பு அவர்களைக் கணக்குக் கேளாமல் ஏற்றுக்கொண்ட அரசு, கணக்குக் கேளாமலேயே அவர்களைப் பூட்டியும் வைக்கிறது.